மகளின் எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஏழு வயது. ஓர் எழுத்து கோணலானாலும் தாள் கிழியும்வரை ரப்பரால் தேய்க்கிறாள். மனிதர்களை ஒன்பது ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் எனியாகிராம் சோதனையை அவளுக்காக நானே செய்தேன். எல்லாம் சரியாக இருக்க வேண்டுமென்று தவிக்கும் ஒன்றாம் வகை என்று வந்தது. கண்டிப்பான பெற்றோரால்தான் குழந்தை இப்படி ஆகும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கையெழுத்துக்காக அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் தம்பியையும் திட்டுகிறேன், அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. அவளை இப்படி ஆக்கியது நான்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இல்லை. உங்கள் மகனே அதற்குச் சாட்சி. ஒரே திட்டு அக்காவுக்குத் தைக்கிறது, தம்பிக்கு உறைக்கவில்லை. மனநல மருத்துவர்கள் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு கைக்குழந்தைகளிடமே இந்தச் சுபாவ வேறுபாட்டைக் கண்டது. சுபாவமும் சூழலும் பொருந்தாதபோதுதான் சிக்கல் வருகிறது என்றார்கள்.

எனியாகிராமில் குழந்தைப்பருவத்தை விரிவாகப் பேசிய எழுத்தாளர்கள் டான் ரிசோ, ரஸ் ஹட்சன் இருவருமே வகையின் அடிப்படை பிறவிச் சுபாவம் என்கிறார்கள். ஒன்றாம் வகைக் குழந்தை, வீட்டில் நெறிப்படுத்துபவரோடு ஒட்டாமல், தனக்குத் தானே விதி போட்டுக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். கண்டிப்பு மிகுந்த வீட்டிலும் இது நடக்கலாம், கேட்பாரே இல்லாத வீட்டிலும் நடக்கலாம். பெற்றோரை மட்டும் கூண்டில் ஏற்றும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. இதெல்லாம் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் நினைவிலிருந்து கட்டப்பட்ட விளக்கம், உறுதியான ஆய்வு ஆதாரம் கிடையாது.

சோதனையில் வந்த எண்ணை விட்டுவிடுங்கள். எனியாகிராம் பார்ப்பது செயலுக்குப் பின்னாலிருக்கும் காரணத்தை. அதை அவளுக்காக நீங்கள் பதிலெழுத முடியாது. டீச்சருக்குப் பயந்தும் அழிக்கலாம், முதலாவதாக வரவும் அழிக்கலாம். பென்சிலை அழுத்திப் பிடிப்பதால் எழுத்தே சரியாக வராமலும் இருக்கலாம். யாரும் பார்க்காமல் படம் வரையும்போதும் அழிக்கிறாளா என்று கவனியுங்கள். வீட்டுப்பாடத்தில் மட்டும் என்றால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். எண்ணை அவளிடம் சொல்லவே சொல்லாதீர்கள், "நான் இப்படித்தான்" என்று பிடித்துக்கொள்வாள்.

ரப்பரைப் பிடுங்கினால் பதற்றம்தான் கூடும். தப்பான எழுத்தை ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், பக்கம் முடிந்த பிறகு ரப்பர் எடுக்கலாம் என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அழகா இருக்கு" என்பதும் இவளுக்கு மதிப்பெண்தான். "இந்த 'ழ'வை எங்கிருந்து சுழிச்சே?" என்று கேளுங்கள், அவள் செய்து காட்டட்டும். உங்கள் கையிலிருந்து பால் சிந்தினால் அவள் காதுபட, "சிந்திடுச்சு, துடைச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். திட்டிவிட்டால் அன்றைக்கே, "கையெழுத்துக்காகக் கத்தினேன், தப்பு என்மேலதான்" என்று சொல்லுங்கள். பின்னாலேயே "ஆனா நீயும்..." வந்தால் அவள் காதில் அது மட்டும்தான் விழும்.

இதனால் தூக்கமோ சாப்பாடோ கெட்டாலும், பள்ளிக்குப் போக அடம்பிடித்தாலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் இருக்க முடியவில்லை என்றாலும், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.