ஜெர்மனில இன்டர்ன்ஷிப் கிடைக்கலன்னு பொண்ணு அழுவுறா, திரும்பி கூப்பிட்டுக்கலாமான்னு கேட்ட குடியாத்தம் அக்காவுக்கு

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். அவள இப்ப கூப்பிடாதீங்க. போயி நாலு மாசம்தான் ஆவுது, ஜனவரி குளிரு வேற, சாயங்காலம் அஞ்சுக்கே இருட்டிடும், இதுல எண்பது கம்பெனிக்கு மெயில் போட்டு ஒண்ணும் வரலன்னா எந்த பிள்ளையும் ஒடஞ்சுதான் போவும்.

இங்க வேலூர்ல கம்பெனிக்காரங்கள காலேஜே கூட்டிக்கினு வந்து உக்கார வெச்சிடுது. அங்க அப்டி இல்ல, பிள்ளைங்களேதான் ஒவ்வொரு எடமா தேடி எழுதணும், அத இவளுக்கு போறதுக்கு முன்னாடி யாரும் சொல்லல, சீட்டு வாங்கிக் குடுத்த ஏஜென்டும் சொல்லல, எனக்கு அதுலதான் கோவம்.

இப்ப முக்கியமான விஷயம். அவ கோர்ஸ் ரூல்ஸ்ல இன்டர்ன்ஷிப் கட்டாயம்னு இருக்குதான்னு பாக்க சொல்லுங்க, அதுக்கு ஜெர்மன்ல ஃப்ளிஷ்ட்பிராக்டிகும்னு பேரு. கட்டாயம்னா கம்பெனி மினிமம் சம்பளம் குடுத்தே ஆவணும்னு சட்டம் கெடையாது, நம்மளா விரும்பி மூணு மாசத்துக்கு மேல பண்றதுன்னா குடுத்தே ஆவணும். அதனால நெறைய கம்பெனிங்க கட்டாய இன்டர்ன்ஷிப் பிள்ளைங்களத்தான் மொதல்ல பாக்குது. இவளுக்கு அப்டி இருந்தா லெட்டர்ல மொத வரிலயே அத எழுதணும். வெளிநாட்டு பிள்ளைங்க வருஷத்துக்கு 140 முழு நாள்தான் வேலை பாக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு இல்ல, அதுலயும் இது சேராது.

அப்றம் அவ பயோடேட்டா அனுப்பி வெச்சீங்களே, பாத்தேன். ராணிப்பேட்டை பெல்லுல டிரெயினிங் போனத கடைசி வரில ஒளிச்சி வெச்சிருக்கா! புகைல இருந்து சாம்பல பிடிக்கிற மெஷின் செய்ற எடம் அது, மெக்கானிக்கல் பொண்ணுக்கு இத விட இன்னா வேணும், அங்க இன்னா பாத்தா இன்னா செஞ்சான்னு நாலு வரி மேல வரணும். எண்பது எடத்துக்கு ஒரே லெட்டர போடாம பத்து எடத்துக்கு தனித்தனியா எழுதட்டும்.

பாடம் இங்கிலீஷ்லதான் நடக்குது, ஆனா ஃபேக்டரில ஃபோர்மேன் ஜெர்மன்லதான் பேசுவாரு. ஜெர்மன் மொழில ஏ1ங்கற மொத லெவல முடிச்சிட்டு அதோட நிறுத்தி வெச்சிருக்கா, மூணாவது லெவல் பி1 வரைக்கும் போவணும், யுனிவர்சிட்டிலயே கிளாஸ் இருக்குதான்னு கேக்கட்டும். அதுவரைக்கும் புரொபசர் லேப்ல ஹிவின்னு பார்ட் டைம் வேலை கிடைக்குதான்னு பாக்கட்டும், அந்த அனுபவமும் பயோடேட்டால நிக்கும்.

நகைய வெச்சுத்தான் அந்த 11,904 யூரோவ பிளாக்டு அக்கவுண்ட்ல, அதான் விசாவுக்காக மொத்தமா கட்டி மாசாமாசம் எடுக்கற கணக்குல, கட்டுனீங்க, தெரியும். மாசம் 992 யூரோ வந்துக்கினுதான் இருக்கும், சாப்பாட்டுக்கு இந்த வருஷம் பயமில்ல. படிப்ப முடிச்சா வேலை தேட 18 மாசம் விசா உண்டு, பாதில வந்துட்டா அது போச்சு. யாராச்சும் காசு குடுங்க இன்டர்ன்ஷிப் வாங்கித் தரோம்னா ஒரு ரூபா குடுக்காதீங்க.

இன்னொண்ணுக்கா, கோச்சிக்காதீங்க. காலைல ஏழு மணிக்கு ஃபோன் போடறீங்களே, அங்க அப்ப ராத்திரி ரெண்டரை. நீங்க ராத்திரி ஒம்போதரைக்கு மேல போடுங்க, அவ சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிளாஸ் முடிச்சி ரூமுக்கு வர்ற நேரம். கிடைச்சுதான்னு கேக்காதீங்க, இன்னா சமைச்சன்னு கேளுங்க.

ஞாயித்துக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கினு சத்துவாச்சாரிக்கு வாங்க. மூணு மணிக்கு வந்தா அங்க காலைல பத்தரை, வீடியோ கால்ல அவள உக்கார வெச்சி மொத லெட்டர நானே கூட இருந்து திருத்தறேன்.