மலை ஏறும்போது மட்டும் ஜெர்க் அடிக்கும் கார்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் பெட்ரோல் கார் கோவைச் சமவெளியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது என்றும், மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகு சில நாட்களில் மட்டும் ஜெர்க் அடித்து இழுவை குறைகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். வெளியே கேட்டால் ஒருவர் பிளக்கையும், இன்னொருவர் பெட்ரோல் பம்பையும் மாற்றச் சொல்கிறார்கள். எதை முதலில் மாற்றுவது என்பது உங்கள் கேள்வி. கோத்தகிரியில் வசித்து அன்றாடம் மலைப்பாதையில் கார் ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். வந்து வந்து போகும் கோளாறில் ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றினால் பணம் போவதோடு, எதனால் சரியானது, எதனால் திரும்பி வந்தது என்ற தடயமும் அழிந்துவிடும்.

முதலில், கோளாறு அல்லாத ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஊட்டியில், கடல் மட்டத்தில் தரும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும், ஏனென்றால் அங்கே காற்றின் அடர்த்தி அவ்வளவு குறைவு. ஆனால் இந்த இழப்பு உயரம் ஏற ஏறச் சீராக வருவது. எல்லா நாளும் வருவது. விட்டு விட்டு உதறுவதும், சில நாட்களில் மட்டும் தலைகாட்டுவதும் உயரத்தின் வேலை அல்ல.

அடுத்த முறை ஜெர்க் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பாதை மீது கண் இருக்க வேண்டும் என்பதால், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்வதே நல்லது. முள் திடீரென்று பூஜ்யத்தை நோக்கி விழுந்து மீண்டும் எழுந்தால் கிராங்க் சென்சார் (என்ஜின் சுழல்வதை உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது), அதன் கப்ளர் (வயர் இணைப்பு), அல்லது மின்சாரம் தரும் ரிலே (மின் சுவிட்ச்) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைந்து, சற்று ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுவாகும். முள் பெரிதாக அசையாமல் கார் மட்டும் திக்கித் திக்கி நகர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். ஆக்சிலரேட்டரை மிதித்தும் சக்தி மெதுவாக வடிந்துகொண்டே போனால் பெட்ரோல் வரத்தையோ, அடைபட்ட ஃபில்டரையோ, அடைபட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டரையோ (சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பார்க்க வேண்டும். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச். என்ஜினைத் தொடவே தேவையில்லை.

ஏற்றத்தில் மட்டும் மிஸ் ஆவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று நுழைந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறது. பிளக்குக்கு அந்த வோல்டேஜைத் தரும் காயிலின் ரப்பர் உறையில் ஒரு மெல்லிய கீறல் இருந்தால், சமதளத்தில் அடங்கிக் கிடக்கும் மின்சாரம் அப்போது அந்தக் கீறல் வழியாக வெளியே பாய்ந்துவிடும். ஈரம் சேர்ந்தால் இன்னும் எளிது. என் பக்கத்து வீட்டுக்காரரின் கார், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பனிமூட்டத்தில் இரவெல்லாம் வெளியே நின்ற பிறகுதான் காலையில் உதறும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். காயிலைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மீது, மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கரிய கோடு இருந்தது. விரலால் தேய்த்தும் அது போகவில்லை. அந்தக் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி ஏற்றத்தில் ஓட்டியபோது, ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ், என்று வந்துகொண்டிருந்த பிழைக் குறியீடு, மூன்றாவது சிலிண்டரைக் குறிக்கும் பி0303 ஆக மாறியது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியதால், பம்ப், இன்ஜெக்டர் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. காசு செலவில்லாத இந்தச் சோதனையை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள எந்தக் காரிலும் செய்து பார்க்கலாம். காயிலை மாற்றினால் அந்தப் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். பீங்கானில் பதிந்த கரிக்கோடு புதிய காயிலின் ரப்பரையும் கெடுத்துவிடும்.

செக் என்ஜின் விளக்கு எரியவில்லை என்பதற்காக ஸ்கேன் செய்யாமல் விடாதீர்கள். விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு முதிராத கோளாறுகளும் நிலுவைக் குறியீடுகளாக உள்ளே பதிவாகியிருக்கும். உறுதியான குறியீடு இருந்தால், அந்த நொடியில் இருந்த வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு ஆகியவையும் சேர்ந்தே கிடைக்கும். பேட்டரியைக் கழற்றினாலோ, பார்க்காமலே குறியீட்டை அழித்தாலோ இவை போய்விடும். ஆகவே காரை மெக்கானிக்கிடம் விடும்போதே, படித்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் அழிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் காரில் மேப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) இருந்தால் இன்னொன்றும் செய்யலாம்: என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அதன் அளவைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கலை ஒட்டியும், ஊட்டியில் 77ஐ ஒட்டியும் காட்ட வேண்டும். ஊட்டியிலும் 95 காட்டினால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது, அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தப்பாக அளந்துகொண்டிருக்கிறது.

பெட்ரோல் பக்கம் சந்தேகம் போனால் டேங்க்கில் எவ்வளவு இருந்தபோது ஜெர்க் வந்தது என்று குறித்து வையுங்கள். கால் டேங்குக்குக் கீழே இருக்கும்போது, செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கக்கூடும். நிரப்பியபின் அதே வளைவுகளில் ஜெர்க் வரவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. நிரப்பியும் வந்தால், பெட்ரோல் பிரஷரை நிற்கும் காரில் அல்ல, ஏற்றத்தில் ஓடும் காரில் அளக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது சரியாகக் காட்டும் பலவீனமான பம்ப், சுமை ஏறும்போதுதான் தளர்கிறது; சர்வீஸ் சென்டரில் ஒன்றும் தெரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எலி கடித்த வயரையும் தளர்ந்த எர்த் இணைப்பையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலித்தொல்லை சாதாரணம்.

இவை எல்லாம் முடியும்வரை ஒன்றை மட்டும் தவறாமல் கடைப்பிடியுங்கள். ஏற்றத்தில் ஜெர்க்கோடு செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் இறங்கிக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, அபாய விளக்கைப் போட்டு, வளைவைத் தாண்டிப் பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படியான அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உதவிக்கு அழையுங்கள். குன்னூர்வரை எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று முயல வேண்டாம்.