எண்ணத் தெரிந்தும் ஏன் தோற்கிறேன்?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டு எண்ணும் முறையை மாதக்கணக்கில் பழகினேன். வீட்டில் ஒரு சீட்டுக்கட்டைப் பிழையில்லாமல் எண்ணி முடிக்கிறேன். கேசினோவில் மட்டும் பலிக்கவில்லை. ஒவ்வொரு கை (ஒரு சுற்று ஆட்டம்) முடிந்ததும், சீட்டுப் போடும் டீலர் சீட்டுகளைக் கலைக்கும் மெஷினுக்குள் திருப்பிப் போட்டுவிடுகிறார். 3,000 வெள்ளி போய்விட்டது. அதில் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் உண்டு. மெஷினையும் எண்ணலாம், போன் ஆப்போடு சேர்த்து 800 வெள்ளிக்குச் சொல்லித் தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர். சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த 800 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி.

உங்கள் எண்ணிக்கையில் பிழை இருக்காது. நீங்கள் உட்காரும் மேசையில் எண்ணுவதற்குத்தான் எதுவும் இல்லை. 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டுவது, பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழிப்பது என்ற முறையைத்தான் பழகியிருப்பீர்கள். 1960-களில் எட்வர்ட் தோர்ப் கணக்குப் போட்டுக் காட்டிய நாளிலிருந்து சீட்டு எண்ணுவது ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: ஆடிய சீட்டு ஓரமாகப் போகும், மறுபடி கலைக்கும்வரை திரும்பி வராது. சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால், மிச்சத்தில் பத்தும் ஏஸும் அதிகம், அது ஆடுபவருக்குச் சாதகம். அப்போது பந்தயத்தை ஏற்றுவீர்கள். ஆறு கட்டு ஆட்டத்தில் நாலு, நாலரைக் கட்டு வெளியே வரும்வரை டீலர் கலைக்காமல் இருந்தால்தான் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு ஏறும்.

உங்கள் மேசையில் நடப்பதைப் பாருங்கள். ஐந்து பேரும் டீலருமாக ஒரு கையில் பதினெட்டு சீட்டு வருகிறது என்று வையுங்கள். நாலும் ஐந்தும் ஆறுமாக வந்து உங்கள் மனக்கணக்கு +7. டீலர் மொத்தத்தையும் அள்ளி மெஷினின் வாயில் வைக்கிறார். உள்ளே தட்டுத்தட்டாக அறைகள். ஒவ்வொரு சீட்டும் ஏதோ ஓர் அறைக்குள் போகிறது. மெஷின் அறைகளைக் காலி செய்து அடுத்த கைக்குச் சீட்டைத் தள்ளுகிறது. வாய்ப்பகுதியில் ஏற்கெனவே தள்ளிவைத்த சில சீட்டுகளைத் தவிர, அந்த நாலும் ஐந்தும் மறுபடி ஆட்டத்தில். +7-க்கு அர்த்தமே இல்லை. எவ்வளவு பழகினாலும் இதை மாற்ற முடியாது.

எல்லா மெஷினும் இப்படி இல்லை. இன்னொரு வகை, ஆறு கட்டையும் மொத்தமாகக் கலைத்துத் தரும். அது கலைக்கும்போது மேசையில் வேறு ஆறு கட்டு ஓடும். அங்கே ஆடிய சீட்டு ஓரமாகத்தான் போகிறது. எண்ணுவது செல்லும். நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விஞ்ஞானிகளே மெஷினை முறியடித்தார்கள் என்றும் அவர் சொல்லக்கூடும். பாதி உண்மை. ஸ்டான்ஃபோர்டின் பெர்சி டையகோனிஸும் சூசன் ஹோம்ஸும் பத்து அறை கொண்ட ஒரு மாதிரி மெஷினை ஆராய்ந்தார்கள். 52 சீட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அடுத்ததை ஊகித்தால், சரியாகக் கலைந்த கட்டில் சராசரி நாலரை சீட்டு சரியாக வரும். அந்த மெஷின் கலைத்த கட்டில் ஒன்பதரை வந்தது. ஜேசன் ஃபுல்மனோடு சேர்ந்து 2013-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஆனால் அது ஒரு கட்டை ஒரே மூச்சில் கலைக்கும் மெஷின், கலைப்பதற்கு முந்தைய வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மேசைக்கு அது பொருந்தாது.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தொடர்ந்து கலைக்கும் மெஷினில், விதிப்படி நிதானமாக ஆடுபவரிடம் கேசினோவுக்கு இருக்கும் சாதகம் துளி குறையவே செய்கிறது. நட்டம் வருவது வேகத்தால். கலைக்க நிறுத்தும் இடைவெளியே கிடையாது. கேசினோவுக்கு அரை சதவீதச் சாதகம், உங்கள் பந்தயம் 25 வெள்ளி என்றால், மணிக்கு 60 கையில் சராசரி நட்டம் ஏழரை வெள்ளி. 80 கை ஓடினால் பத்து. மேசை விரிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும்) விழுந்தால் 2-க்கு 3 தரும் (3 to 2) மேசையில் 25-க்கு 37.50 கிடைக்கும், 5-க்கு 6 (6 to 5) என்றால் 30 மட்டுமே. மெஷினைவிட அந்த ஒரு வரி உங்களிடம் அதிகம் பிடுங்கும்.

போன் ஆப் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மனதுக்குள் எண்ணுவது வேறு. கேசினோவுக்குள் கருவி வைத்து எண்ணுவது சிங்கப்பூர் சட்டப்படி குற்றம். மாட்டினால் வேலை அனுமதிக்கே ஆபத்து. கூடவே நண்பரும் வந்து நிற்கப்போவதில்லை.

எனக்குக் கவலை தருவது ஊருக்கு அனுப்பும் பணத்தில் கைவைத்தது. போன 3,000-ஐ எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் உங்களை நீங்களே கேசினோவிலிருந்து விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவருக்கும் அது உண்டு. உதவி எண் 1800-6-668-668. இந்த வாரமே பேசுங்கள். அந்த 800 வெள்ளியை இந்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.