ராத்திரி யார் முழிச்சிருப்பார்?

கேள்வி: கத்தாரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கடற்கரைப் பக்கம் எங்கள் பெரிய வீடு சும்மா கிடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவிலும் சென்னையிலும். பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். இருபது கட்டில் போட்டு, ஏசி மாட்டி, முதியோர் இல்லம் தொடங்க ஆசை. பகலுக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொள்ளலாம். சமையலும் ராத்திரி கவனிப்பும் மனைவி பார்த்துக்கொள்வாள். தரமான இல்லம் என்று பேர் எடுக்க வேறு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: தேவை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். 2021க்கான மத்திய அரசின் மதிப்பீடு 13.6 சதவீதம், நமக்கு மேலே கேரளம் மட்டும்தான். ஆனால் கடிதத்தில் மனைவியைப் பற்றிய வரியைப் படித்ததும் திக்கென்றது. பகலில் இருபது பேருக்குச் சமைத்து, ராத்திரி இருபது பேரைப் பார்த்தால், அவர் எப்போது தூங்குவார் சகோதரரே?

ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால், எந்நேரமும் ஒரே ஒரு ஆள் முழிச்சிருக்கவே மூன்றரைப் பேர் வேண்டும். காய்ச்சல், லீவு, வீட்டு விசேஷம் சேர்த்தால் நாலு. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அதை ஒருத்தர் தனியாகச் செய்தால் அவர் இடுப்பு போய்விடும். ஆக எப்போதும் இரண்டு பேர், அதாவது எட்டுச் சம்பளம். சமையல் தனி. மனைவியும் வேலை செய்கிறார் என்றால் அவருக்கும் சம்பளம், வார விடுமுறை. இவ்வளவும் போக மிச்சமிருந்தால் ஏசி வாங்குங்கள்.

ராத்திரியையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூப்பிட்டால் ஆள் வராது என்று தெரிந்துவிட்டால் அப்பத்தாமார்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பொழுது சாய்ந்ததும் தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், ராத்திரி எழுந்து போகப் பயந்து. டம்ளரில் ஊற்றி வைத்தது அப்படியே இருக்கும். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. நம் ஊர் வெக்கையில் உடம்பு வற்றும், நீர்க்கடுப்பு வரும், சிறுநீர்த் தொற்று ஆகும். வயதானவர்களுக்கு அந்தத் தொற்று பல நேரம் காய்ச்சலாக வருவதில்லை, குழப்பமாகத்தான் வரும். செத்துப்போன புருஷனைக் கூப்பிடுவார், கதவைத் தட்டுவார். ‘புத்தி பேதலிச்சிருச்சு’ என்று பகல் ஆள் முடிவு கட்டிவிடும். அடுத்தது கையைக் கட்டிலோடு கட்டுவது. ஒரு மூத்திரப் பரிசோதனையும் சில நாள் மாத்திரையும் போதுமாயிருந்த விஷயம்.

கட்டிப்போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். மனநலம் பாதித்தவரை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் இல்லத்தில் சங்கிலி இருக்காது, தெரியும். பழைய சேலையும் கட்டாகும். வெளியே பூட்டிய கதவும் அப்படித்தான்.

கட்டடத்தில் பாத்ரூம்தான் முக்கியம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்ளே தள்ளித் திறக்க முடியாது. கைப்பிடிக் கம்பிக்குச் சாதாரண இரும்பு வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஒருநாள் பிடித்த கையோடு வந்துவிடும். 316 தர எஸ்.எஸ். (துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேளுங்கள், விலை கூடத்தான். பளபள டைல்ஸும் ஆகாது. கடற்கரை மணல் இரண்டு பொட்டு விழுந்தால் போதும், சறுக்கிவிடும். போர் தண்ணி கரிக்கிறதென்றால் குடிக்க வேறு ஏற்பாடு கட்டாயம். பாதிப் பேருக்குப் பிரஷர் இருக்கும்.

சாப்பாட்டில் ஒன்று சொல்கிறேன். பல இல்லங்களில் சுத்த சைவம். காலமெல்லாம் மீன் தின்ற வாய்க்கு அது தண்டனை. பல் இல்லாதவர்க்கு சுறாப்புட்டும் கஞ்சியும் போதும், அழகாக இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் விலை ஏறும்; அதையும் இப்போதே செலவில் சேருங்கள். கீழக்கரை உம்மாவும் தங்கச்சிமடத்தில் சர்ச்சுக்குப் போகிறவரும் ஒரே பந்தியில் இருக்கப்போகிறார்கள். ஹலால் கறி, தொழ இடம், ஞாயிறு பூசைக்கு வண்டி எல்லாம் சேர்க்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

இருபது கட்டில் இப்போது வேண்டாம். முதலில் பகலில் மட்டும் வந்துபோகிற மாதிரி ஆரம்பியுங்கள்: காலையில் ஆட்டோவில் அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் வீட்டில் விடுவது. பிரஷர், சுகர் மாத்திரை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வீட்டுக்கே வருகிறது. ஆறு மாதத்தில் எந்த வேலையாள் தங்குவார், யாருக்குக் கை மிருது என்று தெரிந்துவிடும். பிறகு ஆறு கட்டில். தங்க வைப்பதற்கு முன்னால் ராமநாதபுரத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐ எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் பெரிசாக எழுதுங்கள், உங்களைப் பற்றியே புகார் சொல்லட்டும்.

இன்னொன்று. ‘தோப்பை உங்க பேருக்கு எழுதித் தாரேன், கடைசிவரைக்கும் பாத்துக்கங்க’ என்று யாராவது நிச்சயம் வருவார். வாங்காதீர்கள். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பார்க்கவில்லை என்றால் ரத்து செய்ய 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இடமுண்டு. அவருக்குப் பிறகு பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போவது வேறு. மாதக் கட்டணம் வாங்குங்கள், ரசீது கொடுங்கள்.