அந்த விமானத்தில் ஏன் ஏறினார்கள்?

வணக்கம் சார்,

1965 இந்திய-பாகிஸ்தான் போரில் கட்ச் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்ட குஜராத் முதல்வர் பல்வந்த்ராய் மேத்தாவின் விமானம் பற்றி நீங்கள் எழுதியதை டீக்கடையில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருவர், "சண்டை நடக்கிற எடத்துல சின்ன பிளேன்ல போனா சுடத்தான் செய்வான், இவங்கள யாரு போகச் சொன்னது?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ம., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ம.,

இந்தக் கேள்வியை நானும் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். இதற்குப் பதில் தேட கட்ச் வரை போக வேண்டாம். நமக்குப் பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது.

1998 செப்டம்பர் 29. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கம் இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம், சற்று நேரத்தில் மன்னார்க் கடலுக்கு மேல் காணாமல் போனது. அன்டோனோவ் 24, இரண்டு விசிறி எஞ்சின். பயணிகள் 48, சிப்பந்திகள் 7. ஒருவரும் பிழைக்கவில்லை.

ஏன் ஏறினார்கள்? யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் கண்டி வீதி போரில் அடைபட்டுக் கிடந்தது. அது மறுபடி திறந்தது 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான். பெரிய ஆபரேஷன், விசா, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் போவது என்று எதற்கும் கொழும்புதான். நாம் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி அவர்கள் அந்த விமானத்தில் போனார்கள். சாலை அறுந்த இடத்தில்தான் இந்தச் சின்ன விமானங்கள் ஓடுகின்றன. 2020 மே மாதம் சோமாலியாவில் சுடப்பட்ட விமானம் கொரோனா மருந்துப் பொருட்களோடு போனது. அதில் 6 பேர் இறந்தார்கள்.

தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை எஞ்சினின் சூட்டைத் தேடிப் போகும். பெரிய ஜெட் அதற்கு எட்டாத உயரத்துக்குச் சீக்கிரம் ஏறிவிடும். சின்ன விமானம் தாழ்வாக, மெதுவாகப் போகும்.

லயன் ஏரை வீழ்த்தியது புலிகளின் ஏவுகணை என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. ஈழத்துக்காக வடசென்னையில் நடந்த எத்தனையோ கூட்டங்களில் நானும் நின்றிருக்கிறேன். ஒன்றிலும் இந்தப் பயணிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசவில்லை. அவர்களும் தமிழர்கள்தானே?

விமானத்தின் உடைந்த பாகங்கள் 2012இல்தான் இரணைதீவுக் கடலடியில் கிடைத்தன. 14 வருஷம். பிறகு, கடலிலிருந்து எடுத்த துணிமணிகளை யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் அடையாளம் காண வைத்தார்கள்.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். புருஷன் போன லாஞ்சி திரும்பவே இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. இன்னும் தாலியைக் கழற்றவில்லை. புருஷன் கட்டிப்போன லுங்கியின் ஜோடியை, அதே பச்சைக் கட்டம் போட்டதை, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துத் துணிகளைப் பற்றிச் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. "உப்புத் தண்ணியில அத்தினி வருசமா கெடந்தும் சாயம் போவலையா தம்பி? அடையாளம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

உங்கள் நண்பரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துறைமுகத்துப் பக்கம்தான் இருப்பேன். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.