போர் வந்து நிலத்தை எடுத்துக்கிட்ட இங்கிலீஷ் விவசாயக் குடும்பங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் படை இங்கிலாந்துல இறங்கவே இல்லையே, அப்புறம் எப்படி விவசாயிங்க ஊரைக் காலி பண்ணாங்க?

பதில்: காலி பண்ணச் சொன்னதே அவங்க சொந்த அரசாங்கம்தான் தம்பி. பிரான்ஸோட நார்மண்டில இறங்கப்போற அமெரிக்கப் படைக்கு ஒத்திகை பாக்க இடம் வேணும், தென்மேற்கு இங்கிலாந்துல டெவன் மாவட்டத்துல இருக்குற ஸ்லாப்டன் கடற்கரை, அவங்க நார்மண்டில இறங்க வேண்டிய யூட்டா பீச் மாதிரியே இருந்துச்சு. 1943 நவம்பர்ல கூட்டம் போட்டு சொன்னாங்க. 30,000 ஏக்கர், 180 பண்ணை, சுமார் 3,000 பேர், டிசம்பர் 20க்குள்ள கிளம்பிடணும்.

கேள்வி: ஆறு வாரத்துல ஒரு பண்ணையை எப்படி காலி பண்றது? ஆடு மாடெல்லாம்?

பதில்: அதான் கொடுமையே. கட்டில் பீரோவை வண்டில ஏத்திடலாம், பால் கறக்குற மாட்டை எங்க கொண்டுபோய் கட்டுறது? சொந்தக்காரங்க கிட்ட மேய்ச்சல் கிடைச்சவங்க ஓட்டிட்டுப் போனாங்க, கிடைக்காதவங்க வித்தாங்க, அதோட மண்ணுல கிடந்த கிழங்கைத் தோண்டணும், குவிச்சு வெச்ச கதிரை அடிச்சு எடுக்கணும், அதுவும் நாலு மணிக்கே இருட்டுற டிசம்பர் மாசத்துல.

கேள்வி: திரும்பி வந்தாங்களா?

பதில்: வந்தாங்க, 1944லயே ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா. வேலி போச்சு, வயலெல்லாம் களை, நடுவுல வெடிக்காத குண்டு. ஆனா டோர்செட்ல டைன்ஹம், வில்ட்ஷயர்ல இம்பர், இந்த ரெண்டு ஊரும் அதே டிசம்பர்லதான் காலியாச்சு, இன்னிக்கு வரைக்கும் யாரும் குடியேறல.

கேள்வி: ஏன்ணா இந்த வித்தியாசம்?

பதில்: என்னைக் கேட்டா ரெண்டே விஷயம். ஒண்ணு, போர் முடிஞ்சப்புறமும் ராணுவத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டுச்சா. டெவன்ல ஒத்திகை முடிஞ்சதும் தேவை முடிஞ்சிடுச்சு, டைன்ஹம் பக்கத்துலயோ லல்வொர்த் டாங்கி சுடுதளம் இருந்துச்சு, 1948ல கட்டாயமா வாங்கியே போட்டுட்டாங்க. ரெண்டாவது, பத்திரம் யார் பேர்ல இருக்கு. டைன்ஹம்ல அநேகமா எல்லாரும் பாண்ட் குடும்பத்தோட குத்தகைக்காரங்க, அதனால நிலத்துக்கு ஒரு பைசா கிடையாது, தோட்டத்துல இருந்த காய்கறிக்குத்தான் நஷ்டஈடு! இம்பர்ல 1920கள் கடைசிலயிருந்தே ராணுவம் நிலத்தை வாங்கிப்போட்டு அதே விவசாயிங்களுக்கு குத்தகைக்கு விட்டிருந்துச்சு, அப்போ நல்ல டீல்னு தோணியிருக்கும், ஊர்ல விவசாயம் படுத்துக்கிடந்த காலம் அது. 47 நாள் நோட்டீஸ் வந்தப்பதான் தெரிஞ்சது ஓனர் யாருன்னு.

கேள்வி: யாரும் சண்டை போடலையா?

பதில்: 1961ல நிறைய பேர் கார்ல கிளம்பி இம்பருக்குள்ளயே போயிட்டாங்க. பலன் இல்ல. வருஷத்துல சில நாள் மட்டும் திறந்து விடுறாங்க, வார்மின்ஸ்டர்ல இருந்து பழைய லண்டன் பஸ் ஓடும், கூட்டம் அள்ளும்.

கேள்வி: என் வீட்டுக்காரரோட பாட்டி டெவன் விவசாயக் குடும்பம். அவங்க பண்ணை பத்தி எங்க தேடலாம் சார்?

பதில்: லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல, அதாவது அரசு ஆவணக் காப்பகத்துல, 1941 முதல் 43 வரை எடுத்த பண்ணை சர்வே இருக்கு மேடம். என்ன பயிர், எத்தனை மாடு, குதிரை, டிராக்டர் இருந்துச்சா, எல்லாம் இருக்கும். பண்ணையை எவ்வளவு நல்லா நடத்துறாங்கன்னு விவசாயிக்கு ஏ, பி, சினு மார்க்கும் உள்ளூர் விவசாயக் கமிட்டிகள் போட்டிருப்பாங்க. கடைசி மார்க்கான சி இருந்தா மனசு விட்டுடாதீங்க, அந்தக் கமிட்டிகள்ல பக்கத்து ஊர் விவசாயிங்களும் இருந்தாங்க, பழைய வரப்புத் தகராறும் அதுல கலந்திருக்கலாம்.