கெந்திங் கேசினோ சிப்களில் பிசுபிசுப்பு

வணக்கம் அண்ணா. வாரக்கடைசியில் அண்ணியோடு மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போய்ச் சேர்த்த கேசினோ சிப்கள் (சூதாட்ட விடுதியில் பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள்) ஆல்பத்தில் பிசுபிசுக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். நானும் சுங்கை சிப்புட்காரன்தான், தோட்டப் பக்கத்து ஈரம் தெரியும். ஆனால் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆல்பத்தின் பிவிசி பிளாஸ்டிக் உறைதான். அதை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து சிப்பில் ஏறும். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி, ஈரத்துணி, அவ்வளவு போதும். ஊறவைக்காதீர்கள், நடுவிலுள்ள காகித லேபிள் போனால் மதிப்பே போய்விடும். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த அப்புறம் பாலிப்ரொப்பிலின் பிளாஸ்டிக் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அண்ணியின் பகடைகளுக்குத் தனி டப்பா. கேசினோ பகடை பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்; சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வரும், பக்கத்துப் பொருளையும் கெடுக்கும்.